பின்னாடி கார் இடிச்சு வந்த கழுத்து வலி, எனக்கு மசாஜ் எப்படி கைகொடுத்துச்சு

சிக்னல்ல நிக்கும்போது பின்னாடி ஒரு கார் இடிச்சதுல கழுத்து வெட்டி இழுத்துருச்சு, அன்னிக்கு ஒண்ணும் தெரியல, மறுநாள் தலைய திருப்பவே முடியல. எக்ஸ்ரே பாத்துட்டு எலும்புல ஒண்ணுமில்ல, தசையும் ஜவ்வும்தான் இழுத்துருக்குன்னாரு டாக்டர், விப்லாஷ்ம்பாங்களே அதுதான்.

கடுப்பு கொஞ்சம் தணிஞ்சப்புறம்தான் பிசியோகிட்ட மசாஜ். கழுத்தும் தோளும் சேர்ற இடத்துல கட்டைவிரல வெச்சு மெதுவா அழுத்துனாங்க, உள்ள புளியங்கொட்டை மாதிரி ஒரு முடிச்சு, அழுத்துனா வலி காதுக்குப் பின்னாடி வரைக்கும் ஓடுது! அப்படியே அரை நிமிஷம் பிடிச்சிருந்தா மெல்ல இளகும். அப்புறம் பின்மண்டைக்குக் கீழ இருக்குற சின்ன தசைங்க, அத தளர்த்துனதுல தலைவலியும் போச்சு.

வீட்ல சுடுதண்ணி ஒத்தடம், தாடைய உள்ள இழுக்குற பயிற்சி. மசாஜ் மட்டும்னா திரும்ப இறுகிடுது, பயிற்சியும் சேர்ந்ததுலதான் வலி நின்னுச்சு.

சலூன்ல கழுத்த டக்குனு திருப்பி சொடக்கு எடுக்குறத மட்டும் தயவுசெஞ்சு விட்ருங்க, மூளைக்குப் போற ஒரு முக்கியமான ரத்தக்குழாய் கழுத்தெலும்பு ஓட்டை வழியாதான் போகுது, அது கிழிஞ்சா ஸ்ட்ரோக்கே வரலாம். கை மரத்துப்போகுது, பிடி விட்டுப்போகுதுன்னா மசாஜ் வேணாம், முதல்ல டாக்டர்கிட்ட போங்க.