இயேசு வாழ்ந்தாரா? வாதிடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த விவாதம் பெரும்பாலும் முதல் அடியிலேயே தடம் புரள்கிறது. வரலாற்றாய்வாளர்கள் கேட்பது, கலிலேயாவைச் சேர்ந்த ஒரு யூதப் போதகர் ரோமானிய ஆளுநர் பிலாத்துவின் ஆட்சிக் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டாரா என்பதை மட்டுமே. அவர் தேவகுமாரனா, உயிர்த்தெழுந்தாரா என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். புதிய ஏற்பாட்டு அறிஞர் பார்ட் எர்மனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இயேசு வாழ்ந்தவர்தான் என்று வாதிட்டு 2012இல் ஒரு நூலே எழுதினார்.

‘ரோமானியப் பதிவு ஒன்றுகூட இல்லையே’ என்பது அடிக்கடி காதில் விழும் வாதம். யூதேயாவைப் பத்தாண்டு ஆண்ட பிலாத்துவின் பெயர் பொறித்த கல்வெட்டே 1961இல்தான் கிடைத்தது. அதுவும் செசரியா அரங்கில், படிக்கல்லாக மாற்றிப் போடப்பட்ட நிலையில்! ஆளுநருக்கே இந்த நிலை என்றால், ஒரு தச்சருக்கு என்ன எதிர்பார்க்கிறோம்?

முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் விஷயத்தில் இரு தரப்புமே தவறு செய்கிறது. கி.பி. 93ஐ ஒட்டி அவர் முடித்த யூத வரலாற்றின் 18ஆம் நூலில் ‘இவரே கிறிஸ்து’ என்று ஒரு வரி உண்டு. கடைசிவரை யூதராகவே இருந்த ஒருவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். அவர் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் தெளிவாகவே சொல்கிறார். ஆகவே பிரதியெடுத்த கிறிஸ்தவர்களின் கைவரிசை அதில் இருக்கிறது. அதற்காக ஜோசிபஸை மொத்தமாகத் தூக்கி எறிவதும் சரியல்ல. 20ஆம் நூலில், கல்லெறிந்து கொல்லப்பட்ட யாக்கோபை ‘கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்’ என்று போகிறபோக்கில் அடையாளம் சொல்கிறார். அதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இயேசுவின் வாழ்வைச் சொல்லும் சுவிசேஷங்களை மட்டும் புரட்டிவிட்டு, ஆதிக் கிறிஸ்தவத் தலைவர் பவுலின் கடிதங்களை விட்டுவிடுவது. சுவிசேஷங்களுக்கு முன்பே, கி.பி. 50ஐ ஒட்டி, கலாத்தியருக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பாருங்கள்: எருசலேமுக்குப் போய்க் கேபாவுடன் (பேதுருவுடன்) பதினைந்து நாள் தங்கினாராம், ‘கர்த்தருடைய சகோதரன்’ யாக்கோபையும் பார்த்தாராம். அண்ணன் தம்பி உள்ள ஒருவரைக் கற்பனை என்று தள்ளுவது அத்தனை எளிதல்ல.

‘சகோதரன்’ என்றால் அப்போஸ்தலர் அல்லாத சாதாரண விசுவாசி என்று, இயேசு வாழவே இல்லை என வாதிடும் ரிச்சர்ட் கேரியர் பதில் சொல்கிறார். எனக்கு அது போதவில்லை. யாக்கோபை எருசலேம் சபையின் தூண்களில் ஒருவர் என்று அதே கடிதத்தின் அடுத்த அதிகாரத்தில் பவுலே சொல்கிறாரே! ஆனால் ‘அறிஞர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்’ என்று கேரியரின் வாயை அடைக்காதீர்கள். கடிதத்தைத் திறந்து வைத்தே பதில் சொல்லுங்கள்.