நாற்சார் வீடு பார்க்கப் போகிறீர்களா?

நடுவில் முற்றம் விட்டு நான்கு பக்கமும் கட்டிய யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடுகள் பலவற்றில் இன்றும் குடும்பம் வாழ்கிறது. வெளிநாட்டில் உள்ள உரிமையாளருக்காக உறவினர் பராமரிக்கும் வீடுகளும் உண்டு. நல்லூரில் யாரும் குடியில்லாத பழைய மாளிகையான மந்திரிமனை போல வீதியில் நின்று பார்த்துவிட்டு வரமுடியாது. முதல்நாளே கதைத்து நேரம் கேளுங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வேண்டாம்.

நடுமுற்றத்தைப் படம் எடுக்க முற்பகல் பத்து மணிக்குப் பின் போவது நல்லது. அதற்கு முன் வெயில் சாய்வாக விழுவதால் தாழ்வாரக் கூரை முற்றத்தின் பெரும்பகுதியை நிழலாக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் கூரைத் தண்ணீர் நான்கு பக்கத்தாலும் முற்றத்துக்குள்தான் இறங்கும். பார்க்க அழகுதான், ஆனால் மெருகிட்ட சீமெந்துத் தரை நன்றாக வழுக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றுவதால் ஈரக்காலோடு உள்ளே போகாதீர்கள், துடைக்க ஒரு துணி வைத்திருங்கள்.

பழைய வாசல் நிலைகள் உயரம் குறைந்தவை, குனிந்து நுழையுங்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் சாயவோ பையை உரசவோ வேண்டாம். ஈரம் ஏறி உப்புப் பூத்த இடத்தில் தொட்டாலே பூச்சு உதிரும், அதே சாந்து கலந்து பூச இப்போது மேசன்மார் கிடைப்பது அரிது. சாமியறையைக் கேட்காமல் படமெடுக்கக் கூடாது.

வெளியே வரும்போது சங்கடப் படலையை அவசியம் பாருங்கள். வழிப்போக்கர் இளைப்பாறக் கூரை போட்ட வாசல் அது. படலையை மறக்காமல் சாத்துங்கள், மாடு வளவுக்குள் புகுந்துவிடும்.