காப்புக் கட்டும் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச நான் காப்புக் கட்டத் தொடங்கி இருபத்தாறு வருஷம் ஆகிறது. சித்திரை நெருங்கினால் எங்கள் தெருவில் புதிதாக விரதம் எடுக்கும் பையன்கள் வந்து கேட்பார்கள். செருப்புப் போடலாமா, கடையில் சாப்பிடலாமா, தண்ணீர் பீய்ச்சும் தோல்பையான தோப்பரைக்குத் தோல் எங்கே வாங்கலாம் என்று. அதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களே சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வருவது வேறு. தான் எடுக்க வேண்டிய முடிவைச் சாமி தலையில் கட்டிவிட்டு அதைப் பக்தி என்று நம்புவது. இந்த வருஷமும் பையன்கள் அதே இடத்தில் தடுக்கி விழப் பார்த்தார்கள், நான் விழுந்த இடத்தில்.

நேர்த்திக்கடன் கழிந்தால் தப்பும் கழிந்தது என்று நினைப்பது

அடுத்த வீட்டுக்காரரிடம் வாங்கிய பணத்தை அவர் கையில்தான் கொடுக்க வேண்டும். உண்டியலில் போட்டால் தீராது.

விடை தெரிந்த கேள்விக்குப் பூப் போட்டுப் பார்ப்பது

இரண்டு வாழையிலைத் துண்டுகள். ஒன்றில் செவ்வரளி, இன்னொன்றில் நந்தியாவட்டை. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றிச் சாமி காலடியில் போட்டு, சூடம் காட்டி, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். கிணற்றைத் தெற்கே வெட்டுவதா மேற்கே வெட்டுவதா, திருவிழாவை இந்த வாரம் வைப்பதா அடுத்த வாரமா என்றால் தாராளமாகப் போட்டுப் பாருங்கள். இரண்டில் எது வந்தாலும் யாருக்கும் அநியாயம் இல்லை.

நான் கேட்டது அப்படிப்பட்ட கேள்வி இல்லை. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். மேலூர் பக்கம் அவர் சம்பாதித்து வாங்கிய நிலம். அதில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாசமும் கஞ்சி ஊட்டியது தங்கச்சிதான். கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், “சாமி சொன்னால் கொடுக்கிறேன்” என்று குலதெய்வத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

முதல் தடவை வெள்ளை வந்தது. கொடு என்று அர்த்தம். சூடம் அணைவதற்கு முன்னாடியே பிள்ளை கையை நீட்டிவிட்டது, செல்லாது என்றேன். இரண்டாவது தடவையும் வெள்ளை. நூல் அவிழ்ந்திருந்தது என்றேன். பூசாரி ஒன்றும் பேசாமல் மறுபடி மடித்துக் கட்டினார். மூன்றாவது தடவை சிவப்பு வந்தது. உடனே கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தங்கச்சி ஒன்பது வருஷம் என் வாசலை மிதிக்கவில்லை. பிறகு பாகப் பத்திரம் பதிந்து கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்: “அண்ணே, அன்னைக்குச் சொன்னது சாமியா, நீயா?” இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

அதனால்தான் எவனாவது பூவை மடிக்க உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வருகிறது. போன மாசம் ஒரு பையன் வந்தான். சொந்தக்காரர் ஒருவர் வண்டியில் ஆளை அடித்துவிட்டு நிற்காமல் போனதைப் பார்த்திருக்கிறான். சாட்சி சொல்வதா வேண்டாமா என்று பூப் போட வேண்டுமாம். அவனை அழகர்கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதியில் நிறுத்தினேன். சாத்திய கதவுக்குச் சந்தனம் சாத்திக் கும்பிடும் இடம். வழக்கு வம்பென்றால் எங்கள் பக்கத்து ஜனம் சத்தியம் பண்ண அங்கேதான் வரும். “நான் எடுத்தேனா?” என்று கருப்பிடம் யாரும் கேட்பதில்லை, “நான் எடுக்கவில்லை” என்று தன் வாயால்தான் சொல்ல வேண்டும். தெய்வம் கேட்டுக்கொண்டு நிற்கும், பேச வேண்டியது மனுஷன். இதைத்தான் அவனிடம் சொன்னேன். அரைமணி நேரம் நின்றான். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனான்.

“கனவில் வந்து சொன்னது”

வேண்டாம்.

ஊர் வழக்கம் என்று ஒதுங்கிக்கொள்வது

1939 ஜூலை 8. மதுரை வக்கீல் வைத்தியநாத ஐயர், சாதியைச் சொல்லிக் கோயிலுக்குள் விடாமல் வைத்திருந்த ஜனத்தில் மேலூர் தும்பைப்பட்டிக்காரர் கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அன்று எதிர்த்தவர்களும் பக்தர்கள்தான், வழக்கத்தைக் காக்கிறோம் என்று மனசார நம்பியவர்கள். ஐயரும் பக்தர்தான். சாமியை விட்டுவிட்டு அவர் நியாயத்தைத் தேடவில்லை, சாமி கும்பிடுகிற மனசோடுதான் அந்த முடிவை எடுத்தார். வழக்கம் என்ன என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அது சரியா என்று உங்களைக் கேளுங்கள். முளைப்பாரி ஊர்வலம் எந்தத் தெருவுக்குள் போகக்கூடாது என்று பேச்சு வரும்போது வாயை மூடிக்கொண்டு நின்றால், அதுவும் நீங்கள் எடுத்த முடிவுதான்.

பிள்ளைமேல் நேர்ந்துவிடுவது

கைக்குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து சரி. விவரம் தெரிந்த பிள்ளையைக் கேட்காமல் தீச்சட்டி, அலகு என்று நேராதீர்கள். என் மகனுக்குப் பதினான்கு வயசில் அழகர் வேஷம் போட வேண்டும் என்று நேர்ந்திருந்தேன். “நான் சொல்லலையேப்பா” என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். அம்மாதான் தடுத்தாள்: “நேர்ந்தவன் நீ, நீயே செய்.” அந்த வருஷம் அவனுக்காக நானே வேஷம் கட்டினேன்.

அவன் இன்றுவரை காப்புக் கட்டியதில்லை. ஆனால் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில், விடிவதற்கு முன்னால் நான் எழுந்து பார்த்தால், திண்ணையில் தோப்பரையில் தண்ணீர் நிரம்பியிருக்கும்.