ஏற்காடு மலைப்பாதையில் எதிரே வண்டி வந்தால்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்ததும் அண்ணன் காரை இரவல் வாங்கிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஏற்காடு கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேலம் அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளை விட, அங்கே எதிரே வரும் வண்டிதான் நம்மைத் திணற வைக்கும்.

முதலில் லைட். நான் இருக்கும் லண்டனில் எதிரே வருபவர் ஹெட்லைட்டை ஒருமுறை மினுக்கினால், பெரும்பாலும் ‘நீங்க போங்க’ என்று அர்த்தம். நம் ஊரில் நேர்மாறு: ‘நான் வர்றேன், நீ நில்லு.’ இரண்டு வருடம் முன்பு நாங்கள் மலை இறங்கும்போது, கீழிருந்து ஏறிய பஸ் ஒன்று லைட் அடித்தது. வழி விடுகிறார் என்று நினைத்து வளைவுக்குள் நுழைந்துவிட்டேன். பஸ் திரும்புவதற்கு ரோட்டின் முழு அகலமும் வேண்டும். இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்காக நின்றன. கண்டக்டர் இறங்கி வந்து, எனக்குப் பின்னால் நின்ற கார்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, “மெதுவா வாங்க சார், இன்னும் வரலாம், வாங்க” என்று கை காட்டி என்னை ரிவர்ஸில் மேலேற்றினார். பின் சீட்டில் அம்மா கண்ணை இறுக மூடியிருந்தார்.

தவறு என்னுடையதுதான். இரண்டு வண்டி தாராளமாக விலக இடமில்லாத மலைப்பாதையில், இறங்குகிறவர் ஓரம்கட்டி நிற்க வேண்டும். ஏறுகிறவர் முதலில் போவார். இந்தியச் சாலை விதியே அதுதான். சரிவில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு சிரமம் என்பது கிளட்ச் மிதித்தவர்களுக்குத் தெரியும். பயணிகள் நிறைந்த பஸ் என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, கீழே எட்டிப் பாருங்கள். பஸ்ஸோ லாரியோ தெரிந்தால் வளைவுக்கு மேலேயே நின்றுவிடுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரல் வேண்டவே வேண்டாம். கனடா, அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும்: பதற்றத்தில் கை தானாக வலது பக்கம் ஒடிக்கும். இங்கே ஒதுங்குவது இடது பக்கம்.

கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக மாற்றுவதுண்டு. கிளம்பும்முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தண்டனை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, விதிக்கு மாறாக முந்துவதும் ராங் சைடில் வருவதும் ஆபத்தான ஓட்டுதல் என்ற கணக்கில் வரும். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, சில நேரம் இரண்டும். ‘எல்லாரும்தானே வர்றாங்க’ என்று நெடுஞ்சாலையில் யூ டர்னுக்குச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் போகாதீர்கள். 108 ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய். தனித் தண்டனை எதுவும் சொல்லப்படாத சில்லறை மீறல்களுக்கு முதல் முறை 500 வரை, அடுத்த முறை 1,500 வரை.

செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 5,000. வெளிநாட்டு லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருங்கள். ஈ-சலான், அதாவது ஆன்லைனில் வரும் அபராதச் சீட்டு, வண்டிச் சொந்தக்காரர் பெயருக்குத்தான் போகும். ஃபிளைட் ஏறும்முன் அண்ணன் போனுக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் கட்டிவிட்டுக் கிளம்புங்கள்.