தூதராகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1952 செப்டம்பர், பெர்லின் விமான நிலையம். மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜார்ஜ் கென்னன் வந்திறங்குகிறார். ரஷ்ய மொழி தெரிந்தவர். சோவியத் அரசியலை அவரளவுக்குப் படித்தறிந்த அமெரிக்கர்கள் அன்று மிகக் குறைவு. மாஸ்கோவில் ரஷ்யர்களோடு பழக முடிகிறதா என்று ஒரு நிருபர் கேட்கிறார். போர்க்காலத்தில் நாஜிக்கள் தன்னைக் காவலில் வைத்திருந்த நிலையோடு மாஸ்கோ வாழ்க்கையை ஒப்பிட்டுப் பதில் சொல்லிவிட்டார். அக்டோபர் தொடக்கத்திலேயே அவரை 'விரும்பத்தகாத நபர்', அதாவது இனித் தூதராக ஏற்க முடியாதவர், என்று அறிவித்தது சோவியத் அரசு. அவர் மாஸ்கோ போய்ச் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

அனுபவமில்லாதவர் செய்த தவறல்ல இது. அதனால்தான் முதலில் சொல்கிறேன். 'இது என் சொந்தக் கருத்து' என்று சொல்லிக்கொள்ளும் வசதி தூதருக்குக் கிடையாது. விருந்தில் பேசினாலும், காரில் ஏறும்போது பேசினாலும் பேசுவது அவருடைய நாடுதான். களைப்பாக இருக்கும் நாளில் மைக்கைத் தவிர்த்துவிடுங்கள்.

கடிதத்துக்கும் இது பொருந்தும். 1888 அமெரிக்கத் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று, இங்கிலாந்தில் பிறந்தவர்போல ஒருவர் பிரிட்டிஷ் பிரதிநிதி லயனல் சாக்வில்-வெஸ்டுக்கு எழுதினார். அது பொய்ப் பெயரில் விரித்த வலை. அவரும் நம்பிப் பதில் எழுத, கடிதம் பத்திரிகையில் வந்தது, பதவி போனது. உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக் கூடாது என்பதை தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 41-ஆம் பிரிவு இன்று வெளிப்படையாகவே சொல்கிறது.

போன நாட்டில் கைது, வழக்கு ஆகியவற்றிலிருந்து தூதருக்குள்ள பாதுகாப்பான சட்ட விலக்குரிமையைத் தன் சொத்தாக நினைப்பது அடுத்த தவறு. அது அனுப்பிய நாட்டுக்கு உரியது. அந்த நாடு நினைத்தால் விலக்கிக்கொள்ளலாம். சொந்த ஊர்ச் சட்டமும் உங்களை விட்டுவிடாது. போன இடத்தில் லாபத்துக்காகத் தனித்தொழில் செய்யவும் அனுமதியில்லை. ஏற்கும் நாட்டின் ஒப்புதல் வருமுன்பே நியமனத்தைக் கொண்டாடுவதும் வேண்டாம். காரணம் சொல்லாமலே அவர்கள் மறுக்கலாம்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது தலைநகருக்கு எழுதும் அறிக்கையில் நடக்கும் தவறைத்தான். சந்திப்பில் அமைச்சர் "பார்க்கலாம்" என்றார். இரவில் மேசையில் உட்கார்ந்து எழுதும்போது அது "பரிசீலிப்பதாக உறுதியளித்தார்" என்றாகிறது. மேலே போகப் போக "ஆதரவு தெரிவித்தார்" என்று முடிகிறது. அந்த வரியை நம்பி ஓர் அரசு முடிவெடுக்கும். அதனால் அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். உங்கள் கணிப்பைத் தனிப் பத்தியில் வையுங்கள். பல ஆண்டுகள் ஒரே ஊரில் இருந்துவிட்டால், நம்மை அறியாமலே அந்த நாட்டுக்கு வக்கீலாகிவிடும் பழக்கமும் முதலில் இந்த வரிகளில்தான் தெரியும்.

2019-இல் வாஷிங்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதர் கிம் டாரக் டிரம்ப் நிர்வாகத்தைக் கடுமையாக மதிப்பிட்டு அனுப்பிய ரகசியக் குறிப்புகள் கசிந்தன. அவர் ராஜினாமா செய்தார். 'பார்த்தீர்களா, உள்ளதை எழுதக் கூடாது' என்று சிலர் இதிலிருந்து பாடம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்டதைக் கண்டபடி எழுதத்தான் அவரை அங்கே வைத்திருந்தார்கள். தவறு கசியவிட்டவருடையது, எழுதியவருடையதல்ல.