மேனேஜரைப் பாத்திரம் கழுவ விடுங்கள்

அலுவலகக் குழுவாக முதியோர் இல்லத்துக்குச் சேவை செய்யப் போகிறீர்களா? மேனேஜரைப் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நிறுத்துங்கள். யாருக்கு என்ன வேலை என்று பிரிக்கும் பொறுப்பைக் குழுவில் ஆகப் புதியவரிடம் கொடுங்கள். தலைமைப் பயிற்சி வகுப்புக்கென்று தனியாகச் செலவு தேவையில்லை.

கழுவ வரும் தட்டுகள் நிறையச் சொல்லும். சோறு விறைப்பாக இருந்தால் பல் இல்லாத பெரியவர்கள் பாதியிலேயே வைத்துவிடுவார்கள். அது மேனேஜர் கண்ணில்தான் முதலில் படும். ஆனால் உத்தரவு போட முடியாது, புதியவரிடம் போய்ச் சொல்லி உதவத்தான் முடியும். தலைவர் முதலில் மற்றவர்களுக்குச் சேவை செய்பவராக இருக்க வேண்டும் என்னும் ‘சேவைத் தலைமை’ கருத்தை 1970-இல் எழுதிய அமெரிக்கர் ராபர்ட் கிரீன்லீஃப் கேட்டதும் இதைத்தான்: நம் சேவையால் அடுத்தவர் வளர்கிறாரா? அன்றைக்கு அந்தப் புதியவர் வளர்வதை நேரில் பார்க்கலாம், எனக்கு இதில் மிகப் பிடித்தது அதுதான்.

ஒரு மணி நேரம் மட்டும் போய்வருவதென்றால் இது சரிப்படாது. பொறுப்பு பழகவே அரை நாள் வேண்டும். அப்புறம், கொதிக்கும் அண்டாவைத் தூக்குவது, படுக்கையில் இருப்பவர்களுக்கு ஊட்டுவது போன்றவற்றில் இல்லத்தின் பணியாளர்கள் சொல்வதுதான் முடிவு.