மலாய் என்று எழுதும்போது சறுக்கும் இடங்கள்

‘கோலாலம்பூரில் ஒரு மலாய்த் தமிழரைச் சந்தித்தேன்’ என்று ஒரு பயணக் கட்டுரையில் வரி வந்திருந்தது. திருத்துவது என் வேலை என்பதால் ‘மலேசியத் தமிழர்’ என்று மாற்றினேன். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டார் எழுதியவர். ஒன்றில்லை. மலேசியர் என்பது குடியுரிமை. மலாய் என்பது ஒரு மக்களின், அவர்கள் மொழியின் பெயர். அங்கே இருக்கும் தமிழர், சீனர், இபான், கடசான் எல்லோரும் மலேசியர்கள், மலாய்க்காரர்கள் இல்லை. ‘பூமிபுத்ரா’, அதாவது மண்ணின் மைந்தர், என்றாலும் மலாய்க்காரர் மட்டும் என்று அர்த்தமில்லை. போர்னியோ தீவிலுள்ள சபா, சரவாக் மாநிலங்களின் பூர்வகுடிகளும் அதில் அடக்கம்.

மலாய்க்காரர் யார் என்பதை அந்நாட்டு அரசியலமைப்பின் 160ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது: இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும், வழக்கமாக மலாய் பேச வேண்டும், மலாய் வழக்கங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். கூடவே, விடுதலை நாளுக்கு முன்பே பிறப்பாலோ குடியிருப்பாலோ அந்த மண்ணோடு தொடர்புள்ளவராகவோ, அப்படிப்பட்டவரின் வழிவந்தவராகவோ இருக்க வேண்டும். மூதாதையர் எந்த இனம் என்ற கேள்வியே அதில் இல்லை. யாராவது இஸ்லாத்துக்கு மாறினால் ‘மாசோக் மெலாயு’, அதாவது மலாய்க்குள் நுழைந்தார், என்று சொல்லும் பழைய வழக்கும் உண்டு. நம் ஊர்ச் சாதிக் கணக்கை வைத்து இதைப் புரிந்துகொள்ளப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

1957இல் மலேசியா விடுதலை பெற்றது என்று எழுதுவதும் சரியில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று விடுதலை பெற்றது மலாயா. அதோடு சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16இல். சிங்கப்பூர் இரண்டே ஆண்டில் பிரிந்துவிட்டது. ஆகவே ‘தாத்தா மலாயாவுக்குப் போனார்’ என்று வீட்டில் சொல்வதுதான் சரித்திரப்படி சரி, அதை மலேசியா என்று திருத்த வேண்டாம்.

அப்புறம், நமக்கு ரொம்பப் பிடித்த தவறு ஒன்று இருக்கிறது: மலாய் என்பது ‘மலையூர்’ என்ற தமிழ்ச் சொல்தான் என்று அடித்துச் சொல்வது. ஆதாரமாக ராஜேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டைக் காட்டுவார்கள். 1025 வாக்கில் நடந்த கடல்கடந்த படையெடுப்பில் வென்ற ஊர்களின் வரிசையில் ஸ்ரீவிசயம், பண்ணை, கடாரம் ஆகியவற்றோடு ‘தொன்மலையூர்’ வருவது உண்மை. ஆனால் அந்தப் பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே புழக்கத்தில் இருந்தது. 7ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ‘மோ-லோ-யு’, அதாவது மலாயு, என்ற நாட்டிலிருந்து தூதர் வந்ததாகச் சீனக் குறிப்பு இருக்கிறது. 671இல் கப்பலேறிய சீன பௌத்தத் துறவி இத்சிங், ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதமும் பிறகு மலாயுவில் இரண்டு மாதமும் தங்கிவிட்டு இந்தியா வந்தார்.

அந்த மலாயு மலேசியாவில் இல்லை. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், பாத்தாங் ஹாரி ஆற்றின் கரையில், இன்றைய ஜம்பிப் பகுதியில் இருந்தது என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். அங்கே முவாரோ ஜம்பியில் செங்கல் கோயில்கள் பரந்து கிடக்கின்றன. இடமோ ஆற்றோரத் தாழ்நிலம், மலைக்கு எங்கே போவது? சோழர் அவைப் புலவர் காதில் ‘மலாயு’ என்று விழுந்ததை ‘மலையூர்’ என்று தமிழாக்கிக்கொண்டிருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. அதே கல்வெட்டில் நிக்கோபார் ‘நக்கவாரம்’ என்று வருகிறது. அதை மட்டும் வைத்து அது தமிழர் வைத்த பெயர் என்று சொல்லிவிட முடியாது.

எதிர்ப்பக்கத்து விளக்கங்களும் முடிந்த முடிவு இல்லை. ஜாவா மொழியில் ‘ம்லாயு’ என்றால் ஓடுவது. மலாயில் ‘லாஜு’ என்றால் வேகம், அதனால் வேகமாக ஓடும் ஆற்றின் பெயர் என்பார்கள் சிலர். பழைய மலாய் நூலான செஜாரா மெலாயு, சுமத்ராவின் பலெம்பாங்கில் மெலாயு என்றே ஓர் ஆற்றைச் சொல்கிறது. பக்கத்திலேயே சி குந்தாங் என்ற குன்றையும் சொல்கிறது. மலைக் கட்சிக்காரர்கள் வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம். சமஸ்கிருத ‘மலய’விலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எழுதும்போது ‘என்றும் ஒரு கருத்து உண்டு’ என்று சேர்த்துவிட்டால் போதும். தமிழின் தடம் வேண்டுமென்றால் மலாய்ப் பேச்சிலேயே தாராளமாகக் கிடைக்கிறது: கடை அங்கே ‘கெடாய்’, கப்பல் ‘காப்பால்’, பெட்டி ‘பெத்தி’.

மலாக்கா என்ற துறைமுக ஊரின் பெயரையும் இந்தச் சொல்லோடு முடிச்சுப் போடுகிறார்கள். அது வேறு. அந்த ஊரை நிறுவிய பரமேஸ்வரா சாய்ந்து நின்ற மரத்தின் பெயரை ஊருக்கு வைத்தான் என்பது மலாய்க் கதை. அந்த ‘மெலாக்கா’ மரம் நம் பெருநெல்லிதான். சமஸ்கிருத ‘ஆமலக’த்தின் திரிபு. மலையாளத்துக்கும் மலாய்க்கும் உறவில்லை: ஒன்று திராவிட மொழி, மற்றது ஆஸ்திரோனேசிய மொழி. ‘மலாய் கோஃப்தா’வின் மலாய், இந்தியில் பாலாடை.

மலாய் என்ற பெயர் வெளியே போன இடங்களில்தான் இன்னும் கவனம் வேண்டும். இந்தோனேசியாவில் மெலாயு என்பது பல இனங்களில் ஒன்று. ஜாவாக்காரரை மலாய்க்காரர் என்று எழுதினால் தப்பு. தென்னாப்பிரிக்காவின் ‘கேப் மலாய்’ மக்களின் முன்னோரில் இந்தோனேசியத் தீவினர் மட்டுமல்ல, இந்தியரும் இருந்தார்கள். இலங்கை மலாயரின் முன்னோர் பலரை டச்சுக்காரர்கள் படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்தார்கள். சிங்களத்தில் அவர்களுக்கு ஜாவாவை வைத்து ‘ஜா’ என்று பெயர். வீட்டில் பேசும் மலாயிலோ, தமிழைப் போலவே, வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டது. கோலாலம்பூர் மலாய்க்காரர் கேட்டால் சொற்கள் பல பிடிபடும், வாக்கியம் பிடிபடத் திணறுவார்.